கட்டடம் போச்சு, பேர் மட்டும் நிக்குது! மூர் மார்க்கெட், உயிர் காலேஜ், ஜெயில்... எல்லாம் எங்கே?

சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் புறப்படும் இடத்துக்கு என்ன பெயர்?

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்!

ஆவடிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தினம் போய் வருகிற ஜனங்களைக் கேளுங்கள். "மூர் மார்க்கெட்ல வண்டி ஏறணும்" என்பார்கள். மார்க்கெட் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். முழிப்பார்கள்.

மார்க்கெட் இல்லை. அது எரிந்து 40 வருஷம் ஆகிவிட்டது.

நம்ம ஊரில் இது ஒரு வினோதம். சர்க்கார் வைக்கிற பெயர் ஜனங்கள் வாயில் லேசில் நுழையாது. பிராட்வேக்கு பிரகாசம் சாலை என்று பெயர். யார் சொல்கிறார்கள்? 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் "சென்ட்ரல்" என்றால்தான் மீட்டருக்கு மேலே எவ்வளவு என்று பேச்சே தொடங்கும்.

ஆனால் இடித்துப்போட்ட கட்டடம், எரிந்துபோன கடை, மூடிப்போன கொட்டகை இவற்றின் பெயர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நகராமல் உட்கார்ந்திருக்கிறது.

சென்ட்ரலைச் சுற்றி ஒரு மைல் நடந்தால் போதும். காணாமல் போனவற்றின் பட்டியல் பெரிசு. காணாமல் போன ஆளைத் தேட போலீசில் புகார் கொடுக்கலாம். காணாமல் போன தெருவுக்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

சிவப்புக் கட்டடம்

முதலில் மூர் மார்க்கெட்.

பிராட்வே பக்கம் இருந்த பழைய மார்க்கெட் ஒரே அசுத்தம், நெரிசல் என்று புகார் வந்தது. நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் புது மார்க்கெட் கட்ட ஏற்பாடு செய்தார். 1898-ல் அடிக்கல். 1900-ல் திறப்பு. அவர் பெயரே மார்க்கெட்டுக்கு வந்தது.

செங்கல் சிவப்பில் நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். வளைவு வளைவாக வாசல்கள். பக்கத்தில் நிற்கிற விக்டோரியா மண்டபம், ஐகோர்ட் இவற்றை நினைவுபடுத்துகிற மாதிரி அந்தக் காலத்து ஜோடனை. வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கறி, மீன், காய்கறி, பூ விற்கத்தான் கட்டினார்கள். போகப்போக என்னதான் விற்கவில்லை? பழைய புஸ்தகம், கிராமபோன் பிளேட், கோட்டு சூட்டு, பித்தளைச் சாமான், ஓடாத கடிகாரம், ஓடுகிற மாதிரி தெரிகிற கடிகாரம், லவ் பேர்ட்ஸ், கலர் மீன், வெள்ளெலி, நாய்க்குட்டி!

பள்ளிக்கூடப் புஸ்தகம் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் கதி. ஜூன் மாதம் பிறந்தால் பாதி விலைக்குப் பழைய புஸ்தகம். பரீட்சை முடிந்ததும் அதையே கொண்டுபோய் மறுபடி விற்கலாம். டாக்டர்களும் வக்கீல்களும் ஆனவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பழைய புஸ்தகக் கடைகளுக்குக் கடன்பட்டவர்கள். பெரிய எழுத்தாளர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் அரிய புஸ்தகம் தேடி அங்கேதான் தவம் கிடந்தார்கள். புஸ்தகக் கடைக்காரர் பலர் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆனால் எந்தப் பதிப்பு கிடைக்காத சரக்கு என்பது அவர்களுக்கு அத்துப்படி. வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்தே விலை சொல்வார்கள்.

பேரம் தெரியாதவன் போகக்கூடாது!

மூர் மார்க்கெட் பேரம் என்று பழமொழியே உண்டாகிவிட்டது.

கடைக்காரர் நூறு ரூபாய் என்பார். நீங்கள் பத்து என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் கோபப்படுவார். நீங்கள் நடையைக் கட்ட வேண்டும். பின்னாலேயே குரல் வரும். இருபதில் முடியும். பத்து என்றதுமே "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டால்தான் ஆபத்து! அஞ்சு ரூபாய்ச் சாமான் என்று அர்த்தம்.

கேட்டுவிட்டு வாங்காமல் போனால்? வசவு கேட்கக் காது வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் இரண்டு ஷூவும் ஒரே காலுக்கு என்று ஏமாந்த கதை, காலையில் வீட்டில் களவு போன சாமானைச் சாயங்காலம் மூர் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிய கதை... சென்னையில் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும். எல்லாம் நிஜம் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. ஜேப்படிக்காரர்களுக்கு அது பொன்விளையும் பூமி என்பது மட்டும் நிஜம்.

கீரிக்கும் பாம்புக்கும் சண்டை!

மார்க்கெட்டுக்கு வெளியே மைதானத்தில் தினமும் ஒரு திருவிழா.

ஒருவன் வட்டம் போட்டு நிற்பான். கூடையில் பாம்பு. முளையில் கட்டிய கீரி. "இப்போ கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்! கையைக் கட்டாதே! காலை மாத்தி நிக்காதே! பாதியில போறவன் ரத்தம் கக்குவான்!"

கூட்டம் பயந்து நிற்கும். ஆபீசுக்குப் போகிறவன், ஆஸ்பத்திரிக்கு வந்தவன், ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று வந்தவன் எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள்.

அவன் பேசிக்கொண்டே இருப்பான். பேச்சு மெல்ல லேகியத்துக்கு வரும். அப்புறம் தாயத்து. காசு வசூல். கடைசிவரை சண்டை நடக்காது! கீரி பாட்டுக்குத் தூங்கும். பாம்பு கூடைக்குள்ளேயே இருக்கும்.

இன்றைக்கும் சென்னையில் யாராவது ஒரு விஷயத்தை இழுத்துக்கொண்டே போனால், "கீரி பாம்பு சண்டை விடுறான்யா" என்பார்கள். அரசியல் மேடைகளைப் பற்றி இப்படிச் சொல்வது வழக்கம். நான் சொல்லவில்லை, ஜனங்கள் சொல்கிறார்கள்.

பக்கத்திலேயே ஈவினிங் பஜார். அந்த வட்டாரத்துக்குக் குஜிலி பஜார் என்று பெயர். அங்கே காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புஸ்தகம் விற்றார்கள். எங்கே கொலை நடந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும், புயல் அடித்தாலும், சில நாளில் சிந்து பாடி அச்சடித்து, தெருவில் நின்று ராகம் போட்டுப் பாடியே விற்றுவிடுவார்கள். கொலைச் சிந்து என்றால் சூடான பஜ்ஜி மாதிரி போகும். இந்த மாலைப் பத்திரிகைக்கெல்லாம் தாத்தா அதுதான்! கிரைம் நிருபர்களுக்கும்தான்.

மே 30

1980-களில் ரயில்வேக்கு இடம் தேவைப்பட்டது. மின்சார ரயில் பெருகிவிட்டது. சென்ட்ரலை ஒட்டி இடம் என்றால் மூர் மார்க்கெட்தான். வியாபாரிகள் காலி செய்ய மாட்டோம் என்றார்கள். தாத்தா வைத்த கடை, அப்பா உட்கார்ந்த கடை. எங்கே போவது?

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது.

1985-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. மூர் மார்க்கெட்டில் தீ!

புஸ்தகம், துணி, மரச்சாமான். தீக்கு வேறு என்ன வேண்டும்? எண்பத்தைந்து வயசுக் கட்டடம் கரிந்து நின்றது. கூண்டுக்குள் இருந்த பறவைகளின் கதியை நினைத்துப் பாருங்கள். அரிய புஸ்தகங்கள் சாம்பல். அதில் எத்தனை, வேறு எங்கும் பிரதி இல்லாதவை? கணக்கு எடுக்க யாராலும் முடியாது.

தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா? அன்று ஊரெல்லாம் இதே பேச்சு. காலி செய்யச் சொன்ன இடம் எரிந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா? வியாபாரிகள் வாயில் அந்தச் சந்தேகம் கடைசிவரை போகவில்லை. சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிட்டது.

மிச்சம் நின்ற சுவரை இடித்தார்கள். அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழும்பியது. வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் கடைகள் கட்டிக் கொடுத்தார்கள். பெயர்தான் குளம். தண்ணீர் இருந்த இடத்தில் கடை! பழைய புஸ்தகமும் அங்கே குடிபோனது. ஆனால் பழைய கூட்டம் வரவில்லை. ரயிலை விட்டு இறங்கியவன் கண்ணில் படுகிற கடைக்கும், தேடிப் போக வேண்டிய கடைக்கும் வித்தியாசம் இல்லையா?

இப்போது ரயில்வே வளாகத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாடல் ஒன்று நிற்கிறது. அதே சிவப்பு. அதே வளைவு. வண்டி நிறுத்துகிற இடத்துப் பக்கம், பொம்மைக் கொலு மாதிரி. அவசரமாக ஓடுகிற ஜனம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. ரயில்காரர்களிடம் எம்.எம்.சி. என்றால் மூர் மார்க்கெட். எதிரே ஆஸ்பத்திரிக்காரர்களிடம் எம்.எம்.சி. என்றால் மெடிக்கல் காலேஜ். ஆட்டோவில் ஏறும்போது ஜாக்கிரதை!

சிங்கம் எங்கே போச்சு?

மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே உயிர் காலேஜ்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சென்னைக்காரன் மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர் உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். அங்கே உயிரோடு இருக்கும், இங்கே பாடம் பண்ணி வைத்திருக்கும். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

உண்மையில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1855-ல் மியூசியத்து அதிகாரி எட்வர்ட் பால்ஃபர்தான் மியூசியத்திலேயே மிருகங்களை வைத்துக் காட்ட ஆரம்பித்தார். கூட்டம் தாங்கவில்லை. 1863-ல் மிருகங்களைப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். மைசூரு, டில்லி எல்லாவற்றுக்கும் முன்னால் நம்ம ஊரில் வந்துவிட்டது!

பீப்பிள்ஸ் பார்க் என்றால் சாதாரணம் அல்ல. 116 ஏக்கர்! குளங்கள், பாண்டு வாத்தியம், வருஷக் கடைசியில் பார்க் வேடிக்கை. 1886 டிசம்பர் 31-ந் தேதி அந்த வேடிக்கையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். இன்று அதே பூமியில் நடப்பவர்களில் ஒருவருக்காவது இது தெரியுமா?

அந்த 116 ஏக்கரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டார்கள். ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு. விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு துண்டு. மூர் மார்க்கெட்டுக்கு ஒன்று. விளையாட்டு மைதானத்துக்கு ஒன்று. இப்போது நேரு ஸ்டேடியம் நிற்பதும் அங்கேதான். மிச்சம் இருப்பது மைலேடி பார்க் என்கிற கொஞ்சம் பச்சை.

1985 ஜூலையில் வண்டலூரில் புதிய பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். மிருகங்கள் அங்கே போய்விட்டன. மே மாதம் மார்க்கெட் எரிந்தது, ஜூலையில் மிருகக்காட்சி சாலை இடம் மாறியது. ஒரே கோடையில் பார்க் டவுன் குழந்தைகளுக்கு இரண்டும் போச்சு. மிருகங்களுக்கு நல்லதுதான், அதில் சந்தேகம் இல்லை. சென்ட்ரல் ரயில் சத்தத்துக்கு நடுவே சிங்கம் எப்படித் தூங்கும்? ராத்திரியில் சிங்கம் கர்ஜிப்பதைக் கேட்டுக்கொண்டே சூளையிலும் பெரியமேட்டிலும் தூங்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டலூர் எங்கே, சூளை எங்கே!

மாமியார் வீடு

ஜி.எச். ஆஸ்பத்திரி ஓரமாகப் போனால் உயரமான சுவர் ஒன்று இருந்தது. மத்திய சிறைச்சாலை. 1837-ல் கட்டியது.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கே அடைபட்டிருந்தார். அண்ணா இருந்தார். கருணாநிதி இருந்தார், கடைசியாக 2001-ல். ஜெயலலிதா 1996 டிசம்பரில் அங்கேதான். எந்தக் கட்சிக்காரருக்கும் அந்தச் சுவர் தனி ஞாபகம். ஆட்டோ சங்கர் 1990-ல் தப்பி ஓடியதும் அந்தச் சிறையிலிருந்துதான். ஒடிசாவில் ரூர்கேலாவில் போய்ப் பிடித்தார்கள்.

2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் இடிப்பதற்கு முன் சில நாள் ஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். அடேயப்பா, என்ன கூட்டம்! ஜெயிலுக்குள் போக இத்தனை பேர் வரிசையில் நின்றது சரித்திரத்திலேயே முதல் தடவை. பிள்ளைகுட்டியோடு வந்தார்கள். தலைவர் இருந்த அறை எது என்று தேடினார்கள். அதில் எத்தனை பேர் தன் அப்பன் இருந்த அறையைத் தேடினார்களோ! அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

அந்த இடம் மெடிக்கல் காலேஜுக்குப் போனது. "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்" என்ற பேச்சு மட்டும் புழலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

கோயிலே போன கதை

இடிப்பது இந்தக் காலத்து வியாதி என்று நினைத்தால் தப்பு.

இன்று ஐகோர்ட் நிற்கிற இடத்தில் தெருத்தெருவாக வீடுகள் இருந்தன. கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல் கருப்பர் பட்டணம். நெசவுக்காரர், சாயக்காரர், துபாஷ், செட்டியார் என்று ஜே ஜே என்று இருந்த ஊர். நடுவில் சென்னகேசவப் பெருமாள் கோயில். நாம் இன்று பட்டணம் கோயில் என்று சொல்கிறோமே, அதன் மூலம்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் திரும்பக் கிடைத்ததும் வெள்ளைக்காரனுக்குப் புத்தி வந்தது. கோட்டைச் சுவர் பக்கம் வீடு இருந்தால் எதிரி அதன் மறைவில் நின்று சுடுவான் என்று கணக்குப் போட்டான். வீடுகளைத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1757-ல் கோயிலையும் இடித்தார்கள்!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அப்புறம் பூக்கடைப் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று சென்னகேசவருக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் கோயில் கட்டினார். பூக்கடை போலீஸ் நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். கேஸ் விஷயமாகப் போகிறவர்கள் எப்படியும் போடுவார்கள்.

இடித்த இடத்தில் மறுபடி யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைக் கல் நட்டார்கள். மொத்தம் ஆறு தூண். இன்று மிஞ்சியிருப்பது ஒன்று. பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கிறது. தினம் அதைத் தாண்டிப்போகிற குமாஸ்தாக்களில் நூற்றுக்கு ஒருவர் அதைப் பார்த்திருந்தால் அதிகம். அந்தத் தெருக்களின் பெயர்கூட இப்போது யார் வாயிலும் இல்லை. பெயரும் போய்விட்டால் அப்புறம் ஒன்றுமே இல்லை என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

வால்டாக்ஸ் ரோடு கதை இதற்கு நேர் எதிர். புதுப் பட்டணத்துக்கு மதில் சுவர் கட்டினார்கள். அதற்கு ஜனங்களிடம் வரி வாங்கலாம் என்று திட்டம். ஜனங்கள் எதிர்த்தார்கள். வரி வசூல் ஆகவே இல்லை. மதிலும் போய்விட்டது, மிச்சத்தில் ஒரு துண்டு ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. கொடுக்காத வரிக்கும், இல்லாத சுவருக்கும் சேர்த்து ஒரு ரோடு! யாருக்கு வரும் இந்த அதிர்ஷ்டம்?

ஜெமினி இறங்கு!

மவுண்ட் ரோடு கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பென்சரின் பழைய சிவப்புக் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் எரிந்தது, அங்கே பிளாசா வந்தது. சஃபையர் கொட்டகை 1964-ல் வந்தது. அதில் ப்ளூ டயமண்டில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம், படம் ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்கப் போன விற்பனைப் பிரதிநிதிகள் அதிகம். ஆனந்த் போச்சு. 1961-ல் திறந்த சாந்தி 2016-ல் மூடியது. ஆனால் பஸ்ஸில் கேளுங்கள், "சாந்தி தியேட்டர் ஒண்ணு" என்று இன்னமும் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஜெமினி? வாசன் அங்கே எடுத்த 'சந்திரலேகா' வெளிவந்தது 1948-ல். 1973-ல் மேம்பாலம் வந்தது. அதற்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஸ்டூடியோ போய் ஓட்டல் வந்துவிட்டது. கண்டக்டர் மட்டும் மாறவில்லை. "ஜெமினி, ஜெமினி... இறங்கு!"

பரணில் பாருங்கள்

மூர் மார்க்கெட் எரிந்த அன்று கடையில் நின்ற இருபது வயசுப் பையனுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. முதலாளிகளில் அநேகம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜார்ஜ் மூர் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. கடை வைத்திருந்தவர்கள் பெயர் எதில் இருக்கிறது? மாடலில் வாசல் இருக்கிறது, தூண் இருக்கிறது. எந்தக் கடையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அதில் கிடையாது.

இதை எழுதுகிற ஆசாமி பிறப்பதற்கு முன்பே எரிந்துபோன மார்க்கெட் அது. பார்க் டவுன் டீக்கடைகளில் பெரியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர் புஸ்தகக் கடை வடக்கு வாசல் என்கிறார். அடுத்தவர் இல்லை, தெற்கு என்று சண்டைக்கு வருகிறார். டீ ஆறிப்போகிறது.

பார்க் டவுன், சூளை, பெரியமேடு, ஏழுகிணறு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் தாத்தா காலத்து வாடகை ரசீது, கடை நம்பர் போட்ட பில், மார்க்கெட் வாசலில் நின்று எடுத்த போட்டோ, மூர் மார்க்கெட் கடை ரப்பர் ஸ்டாம்பு குத்திய பழைய பள்ளிப் புஸ்தகம் ஏதாவது கிடக்கலாம். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கன்னிமாரா நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். எழும்பூரில் இரண்டும் பக்கம் பக்கம்தான். சென்ட்ரலிலிருந்து பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிஷம், டிராபிக் இல்லாவிட்டால்!